ஏழு பங்கு பிழை: ஒரு பேஸ்பால் ஜியோகேச்சிங் புதிரின் நிகழ்வு ஆய்வு

பேஸ்பால் எண்களைக் கொண்டு நான் அமைத்த ஒரு ஜியோகேச்சிங் புதிர், முதல் சோதனையிலேயே மூன்று இடங்களில் உடைந்தது. அது எங்கே உடைந்தது, எப்படித் திருத்தப்பட்டது, திருத்திய பிறகும் என்ன ஓட்டை மிஞ்சியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். புதிர் சுட்டும் ஊர் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன். புதிர் காகிதத்தில்தான் இருக்கிறது. அங்கே எந்தப் பெட்டியும் வைக்கப்படவில்லை. விடையையும் கீழே முழுவதுமாகச் சொல்லிவிடுவதால் இதை இனி யாரும் வெளியிடவும் முடியாது. ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் அந்த ஊரில் புதர்களை விலக்கிப் பார்க்க வேண்டாம்.

ஜியோகேச்சிங் பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிய சாதாரணக் கருவி, அன்றுமுதல் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் பொருள்களோடு மறைத்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் அறிவித்தார். இந்த ஆட்டம் அப்படித்தான் பிறந்தது. மறைத்துவைக்கும் பெட்டிக்குக் கேச் என்று பெயர். பெரும்பாலான கேச்களுக்கு இருப்பிடம் நேரடியாகவே தரப்படும். புதிர் வகைக் கேச்சில் மட்டும், அறிவிக்கப்பட்ட இடத்தில் பெட்டி இருக்காது; புதிரை விடுவித்தால்தான் உண்மையான இடம் கிடைக்கும். அந்த இடம் அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து பொதுவாக இரண்டு மைலுக்குள், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி.

இருப்பிடத்தை எழுதும் முறையையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் கணக்கெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. டிகிரி, நிமிடம், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பகுதி என்று மூன்று தசம இடங்கள் வரை எழுதுவது இந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். அந்த ஆயிரத்தில் ஒன்றை இனி 'பங்கு' என்று குறிப்பிடுகிறேன். வடக்கு தெற்காக ஒரு பங்கு சுமார் 1.85 மீட்டர். கிழக்கு மேற்காக அது இடத்துக்கு இடம் மாறும். துருவத்தை நோக்கிப் போகப்போக தீர்க்கரேகைகள் நெருங்குவதால், கூப்பர்ஸ்டவுன் இருக்கும் அட்சரேகையில் ஒரு பங்கு சுமார் 1.36 மீட்டர்தான்.

தொடக்கப் புள்ளி

இந்தப் புதிரை நான் தேடிப் போகவில்லை; வரைபடம்தான் அதைக் கையில் கொடுத்தது. கூப்பர்ஸ்டவுனில் இருக்கும், பேஸ்பாலின் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் தேசிய பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தின் இருப்பிடத்தை வேறு ஒரு வேலைக்காகக் குறித்துக்கொண்டபோது, அது ஏறத்தாழ வடக்கு 42 டிகிரி 42 நிமிடக் கோட்டின்மீதே நிற்பதைக் கண்டேன். பேஸ்பால் அறிந்த எவருக்கும் 42 என்றால் ஜாக்கி ராபின்சன்தான். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் இருபதாம் நூற்றாண்டில் கறுப்பின வீரர்களுக்கு இருந்த நிறத்தடையை உடைத்த அவருடைய சட்டை எண் அது. சரியாக ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1997 ஏப்ரல் 15 அன்று, எல்லா அணிகளிலும் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள், அதாவது இனிப் புதிதாக யாருக்கும் அதைத் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

தீர்க்கரேகையைப் பார்த்தபோது வியப்பு இன்னும் கூடியது. அருங்காட்சியகம் மேற்கு 74 டிகிரி 55.4 நிமிடத்தை ஒட்டி நிற்கிறது. 55.406 என்று எழுதினாலும் அதே வளாகத்தின் பக்கத்தில்தான் வந்து நிற்போம். 1941-ல் டெட் வில்லியம்ஸ் அடித்த சராசரி .406. அதே ஆண்டில் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸை எட்டினார். 56-லிருந்து ஒன்றைக் கழித்தால் 55. ஆக, வடக்கு 42° 42.000, மேற்கு 74° 55.406 என்ற இருப்பிடத்தையே ராபின்சன், டிமாஜியோ, வில்லியம்ஸ் என்று வாசித்துவிடலாம்.

இது முழுக்க முழுக்கத் தற்செயல் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 1939 ஜூன் 12 அன்று. டிமாஜியோவும் வில்லியம்ஸும் அந்த எண்களைத் தொட்டது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அருங்காட்சியகம் அந்த ஊருக்கு வந்ததற்கான காரணமே ஒரு கட்டுக்கதை. 1839-ல் ஆப்னர் டபுள்டே என்பவர் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1907-ல் ஒரு குழு முடிவு சொன்னது. ஆனால் அந்த ஆண்டில் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். கதையை நம்பித் தேர்ந்தெடுத்த ஊர், யாரும் திட்டமிடாத எண்கள். அறிவிக்கப்படும் இடமாக இதைவிட நல்ல புள்ளி கிடைக்காது என்று தோன்றியது.

பெட்டியை அந்தப் புள்ளியிலேயே வைக்க முடியாது. கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்குள் போனால்தான் விடை கிடைக்கும் என்ற நிலையை இந்த ஆட்டத்தின் விதிகள் ஏற்பதில்லை. நாள் முழுவதும் கூட்டம் நடமாடும் வாசலில் பெட்டியை ஒளிக்கவும் வழியில்லை. எனவே அறிவிப்பு இடம் அருங்காட்சியகம், உண்மை இடம் ஊருக்குள் வேறெங்கோ என்று முடிவு செய்து, உண்மை இடத்துக்கான கேள்விகளை எழுத உட்கார்ந்தேன். தவறு அங்கிருந்துதான் தொடங்கியது.

முதல் வடிவம்

முதல் வடிவத்தில் நான்கு கேள்விகள் இருந்தன. வாழ்நாளில் அடிக்கப்பட்ட அதிகபட்ச ஹோம் ரன்கள் (பேட்டர் எல்லாப் பேஸ்களையும் சுற்றிவர வைக்கும் அடிகள்) எத்தனை. ஒரு பந்தில் எத்தனை தையல்கள். கால் ரிப்கன் தொடர்ந்து ஆடிய ஆட்டங்கள் எத்தனை. அவருக்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்த லூ கெரிக் ஆடியவை எத்தனை. டிகிரியும் முழு நிமிடமும் (42° 41, 74° 55) புதிரிலேயே இருக்கும். முதலிரண்டு விடைகளின் கூட்டல் அட்சரேகையின் பங்குகள். பின்னிரண்டின் வித்தியாசம் தீர்க்கரேகையின் பங்குகள். நான் நினைத்திருந்த விடைகள் 762, 108, 2632, 2130. அதாவது வடக்கு 42° 41.870, மேற்கு 74° 55.502. அருங்காட்சியகப் புள்ளியிலிருந்து தெற்கே சுமார் 240 மீட்டர், மேற்கே சுமார் 130 மீட்டர்.

எழுதி முடித்தபோது எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எண்கள் எல்லாம் புகழ்பெற்றவை, தேடினால் நொடியில் கிடைப்பவை, கணக்கும் எளியது. இதே மாதிரியான புதிர்கள் அமெரிக்கா முழுவதும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பலவும் இதே நம்பிக்கையில்தான் எழுதப்படுகின்றன.

சோதித்துப் பார்க்க நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். பல ஆண்டுகளாகக் கேச் தேடி அலைபவர். பேஸ்பாலைப் பற்றி மேலோட்டமாகத்தான் தெரியும். ஒரு புதிரை அந்தத் துறை அறிந்தவரிடம் மட்டும் கொடுத்துச் சோதிப்பதில் பயனில்லை. நாம் சொல்லாமல் விட்டதை அவர் தானாகவே நிரப்பிக்கொள்வார். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து நண்பர் திருப்பி அனுப்பிய தாளில் அட்சரேகைக்கு மட்டும் நான்கு விடைகள் இருந்தன. மூன்று அடிக்கப்பட்டு, நான்காவதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே ஒரு குறிப்பு: "தையல் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஊசி போன தடவையா, கண்ணுக்குத் தெரியும் 'வி' வடிவமா?" அவர் கடையில் ஒரு பந்தை வாங்கி, பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு தையலின் பக்கத்திலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே எண்ணியிருக்கிறார். பேஸ்பால் பந்தின் மேல்தோல் எட்டு வடிவில் வெட்டிய இரண்டு துண்டுகள். அவற்றைச் சிவப்பு நூலால் கையாலேயே தைத்து இணைக்கிறார்கள். இணைப்பின் இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் இரண்டு கோடுகள் சேர்ந்து ஒரு 'வி' ஆகிறது. அந்த 'வி'க்களை எண்ணினால் 108. சாய்ந்த கோடு ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணினால் 216. முதலும் கடைசியுமான தையல்கள் உள்ளே மறைந்திருப்பதால், கையில் பந்தை வைத்துக்கொண்டு எண்ணுபவருக்கு இரண்டில் எதுவும் துல்லியமாக வராது என்பது கூடுதல் வேடிக்கை. பேஸ்பால் நூல்கள் 108 இரட்டைத் தையல்கள் என்று எழுதுகின்றன. 'இரட்டை' என்ற அந்த ஒரு சொல்லை நான் கேள்வியில் விட்டுவிட்டேன்.

அந்தச் சொல்லின் விலை 108 பங்கு, அதாவது 200 மீட்டர். தூரத்தைவிட மோசம், 216-ஐ வைத்துக் கணக்கிட்டால் வரும் 41.978 என்ற விடை அருங்காட்சியகத்தின் வரிசைக்கே, அதற்கு மேற்கே ஊரின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய் விடுகிறது. பேஸ்பால் புதிர், பேஸ்பால் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் முடிகிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

ஹோம் ரன் கேள்வி இதைவிடச் சிக்கலாக இருந்தது. நண்பர் முதலில் எழுதியிருந்தது 755. அது ஹாங்க் ஆரனின் எண். 1976-ல் அவர் ஓய்வு பெற்றதிலிருந்து 2007 ஆகஸ்ட் 7 வரை அதுவே சாதனை. அன்று பாரி பாண்ட்ஸ் அதைக் கடந்தார். அவர் 762-ல் நின்றார். நண்பரின் வீட்டில் இருந்த கையேடு 2007-க்கு முன்பு அச்சானது. அடுத்து அவர் எழுதியது 868. ஜப்பானில் சடஹாரு ஓ அடித்த ஹோம் ரன்கள் அத்தனை. என் கேள்வியில் 'மேஜர் லீக்' என்ற சொற்கள் இல்லை. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நண்பர் எழுதியதுதான் சரி. அதோடு 216 தையல்களைக் கூட்டியபோது அவருக்கு 1084 வந்திருக்கிறது. மூன்று இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இலக்கம்! அதை நிமிடத்தோடு கூட்டி 42.084 என்று எழுத வேண்டுமா, முதல் இலக்கத்தை விட்டுவிட வேண்டுமா என்று அவர் கேட்டிருந்தார். கூட்டினால் அருங்காட்சியகத்துக்கு வடக்கே 155 மீட்டர், ஒட்சேகோ ஏரியை நோக்கி. முதல் இலக்கத்தை விட்டால் 41.084, அது ஊரின் தென்கோடிக்கும் அப்பால்.

எண்ணிக்கை இதோடு முடியவில்லை. அந்த அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஜாஷ் கிப்சனின் வெண்கலப் பலகை இருக்கிறது. நிறவெறியால் மேஜர் லீகில் ஆட அனுமதிக்கப்படாமல் நீக்ரோ லீகுகளில் ஆடிய கேச்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) அவர். 1972-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். லீக் ஆட்டங்களிலும் லீகுக்கு வெளியே நடந்த ஆட்டங்களிலும் சேர்த்து அவர் ஏறத்தாழ 800 ஹோம் ரன் அடித்தார் என்று பலகை சொல்கிறது. புதிரின் வாசலில் இருக்கும் பலகையே என் 762-ஐ மறுத்தால் அந்தக் கேள்வியை நான் எப்படி வைத்துக்கொள்வது?

ரிப்கன், கெரிக் கேள்விகளில் மட்டும் பிழை வரவில்லை. 2632, 2130 என்று நேராகவே விடை வந்துவிட்டது. இரண்டும் பெயர் சொல்லிக் கேட்கப்பட்டவை, இரண்டும் முடிந்துபோன தொடர்கள், இரண்டையும் நாள்தோறும் ஊரே எண்ணிக்கொண்டிருந்தது. இந்த வேறுபாடு எனக்கு உடனே உறைக்கவில்லை.

சிறிய பிழையின் கெடுதல்

நண்பரின் நான்கு விடைகளில் என்னை அதிகம் உறுத்தியது 868 அல்ல, 755. 868-ஐ வைத்துக் கணக்கிட்டவர் 200 மீட்டர் தள்ளிப்போய் நிற்பார். இடம் பொருந்தவில்லை என்று சிறிது நேரத்தில் உணர்ந்து திரும்பி உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பார். 755-ஐ வைத்துக் கணக்கிட்டவர் ஏழு பங்கு, அதாவது 13 மீட்டர் மட்டுமே தள்ளி நிற்பார். மரங்களுக்கு அடியிலோ கட்டடங்களுக்கு நடுவிலோ கைப்பேசியின் ஜிபிஎஸ் அவ்வளவு தடுமாறுவது சாதாரணம். அவருக்குத் தம்மீது சந்தேகமே வராது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த வட்டத்துக்குள் தேடுவார். கடைசியில் பெட்டி தொலைந்துவிட்டது என்று பதிவும் செய்துவிடுவார். பெட்டியை வைத்தவர் ஓடிவந்து பார்த்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

பேஸ்பாலின் சாதனை எண்கள் இந்த வகைச் சிறு பிழைகளுக்கு விளைநிலம். ஹாக் வில்சன் 1930-ல் ஈட்டிய ரன்கள் (அவருடைய அடியால் அணிக்குக் கிடைத்தவை) 190 என்று அறுபத்தொன்பது ஆண்டுகள் அச்சிடப்பட்டு வந்தது. பழைய ஆட்டப் பதிவுகளைத் துருவிய ஆய்வாளர்கள் ஒன்று விடுபட்டதைக் காட்டிய பிறகு, 1999-ல் அது 191 ஆயிற்று. டை காப்பின் வாழ்நாள் சராசரி ஒரு நூலில் .367, இன்னொன்றில் .366. 2024 மே மாதத்தில் மேஜர் லீக் நிர்வாகம் நீக்ரோ லீகுகளின் கணக்கைத் தன் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்துக்கொண்டபோது காப்பே பின்னுக்குப் போய், .372 சராசரியோடு கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். காலம் கடந்து வந்த நீதி அது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதற்கு முந்தைய நாள் வரை 'வாழ்நாளில் மிக உயர்ந்த சராசரி' என்று கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு புதிரும் அன்று ஐந்தாறு பங்கு, பத்து மீட்டர் அளவில் நகர்ந்துவிட்டது. பெட்டி மட்டும் நகரவில்லை.

ஒரு சிறு விலகல்: நம்மவர்கள் கிரிக்கெட் பழக்கத்தில் பேட்டிங் சராசரி என்றவுடன் ரன்னை அவுட்டால் வகுத்துப் பார்ப்பார்கள். பேஸ்பாலில் அது ஹிட்டை வாய்ப்பால் வகுத்து மூன்று தசமம் வரை எழுதுவது. வில்லியம்ஸ் 1941-ல் 456 வாய்ப்புகளில் 185 ஹிட் அடித்தார், வகுத்தால் .4057. முழுமையாக்கினால் .406, வெட்டிவிட்டால் .405. வேறுபாடு ஒரு பங்கு, ஒன்றரை மீட்டர்கூட இல்லை. மேலும் அது அறிவிப்பு இடத்தில்தான் வருகிறது என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டாம் வடிவம்

சாதனை என்பது யாரேனும் மிஞ்சும்வரைதான் எண். ஆட்டத்தில் நடந்து முடிந்த ஒரு நிகழ்வு அப்படியல்ல. ரிப்கன் கேள்வி தப்பியதும் இதனால்தான் என்பது பிடிபட்டவுடன், சாதனைகளை முழுவதும் ஒதுக்கிவிட்டு ஸ்கோர் புத்தகத்துக்குப் போனேன்.

பேஸ்பாலில் ஸ்கோர் எழுதுபவர் வீரர்களின் பெயரை எழுதுவதில்லை. நிற்கும் இடத்தின் எண்ணைத்தான் எழுதுகிறார். பந்தை எறியும் பிட்ச்சர் 1, கேச்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாம் பேஸ்காரர் 4, மூன்றாம் பேஸ்காரர் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. இவை சட்டை எண்கள் அல்ல. எந்த அணிக்கும் எந்தக் காலத்துக்கும் இவையே. பந்து யார் யார் கைவழியாகப் போய் அவுட் ஆனதோ, அந்த எண்கள் அதே வரிசையில் எழுதப்படும். மூன்று பேர் கை மாறிய ஆட்டம் மூன்று இலக்கம் தரும். புதிருக்கு எனக்குத் தேவைப்பட்டதும் இரண்டு மூன்றிலக்க எண்கள்.

அட்சரேகைக்கு டிங்கர், எவர்ஸ், சான்ஸ் என்ற மூவரை எடுத்துக்கொண்டேன். சிகாகோ கப்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ்காரர், முதல் பேஸ்காரர்; 1910-ல் ஒரு நியூயார்க் நாளிதழில் வந்த எட்டு வரிக் கவிதை இவர்களுடைய பெயர்களை இந்த வரிசையிலேயே நிலைநிறுத்திவிட்டது. 1946-ல் மூவரும் ஒன்றாகவே ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார்கள். ஸ்கோர் புத்தக மொழியில் அவர்கள் 6-4-3.

தீர்க்கரேகைக்கு ராபின்சனையே மறுபடி அழைத்தேன். 1956 அக்டோபர் 8, யாங்கி ஸ்டேடியம், மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டம். (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வோர் இன்னிங்ஸின் பாதியிலும் ஓர் அணி மூன்று அவுட் ஆகும்வரை ஆடும்.) யாங்கீஸ் பிட்ச்சர் டான் லார்சன் அன்று டாட்ஜர்ஸ் பேட்டர்களை 27 முறை எதிர்கொண்டு 27 முறையும் அவுட்டாக்கினார்; 97 பந்துகள், ஒருவரும் முதல் பேஸைத் தொடவில்லை. இதைத்தான் குறைகளற்ற ஆட்டம் என்பார்கள். இரண்டாம் இன்னிங்ஸின் தொடக்கத்தில் ராபின்சன் பலமாக அடித்த பந்து மூன்றாம் பேஸ்காரர் ஆண்டி கேரியின் கையுறையில் பட்டுத் தெறித்தது. தெறித்த பந்து நேராக ஷார்ட்ஸ்டாப் கில் மெக்டூகல்டிடம் போனது. அவர் முதல் பேஸுக்கு எறிந்தார். ராபின்சன் நூலிழையில் அவுட். கேரியின் கையுறையில் படாமல் போயிருந்தால் அது ஹிட்டாகியிருக்கக்கூடும், அந்த ஆட்டம் வரலாற்றில் இடம்பெறாமலே போயிருக்கும். ஸ்கோர் புத்தகத்தில் அது 5-6-3. பந்து தெறித்துத்தான் போனது என்றாலும் அவுட்டுக்கு வழிசெய்ததால் கேரிக்கும் அதில் பங்கு உண்டு என்பது பதிவு விதி. இதை அறியாமல் 6-3 என்று எழுதுபவருக்கு இரண்டு இலக்கம்தான் வரும். புதிரில் மூன்று கட்டங்கள் இருப்பதால் அவர் தானே திரும்பிப் பார்ப்பார்.

ஆக, புதிய விடை வடக்கு 42° 41.643, மேற்கு 74° 55.563. அறிவிப்பு இடத்திலிருந்து தெற்கே சுமார் 660 மீட்டர், மேற்கே சுமார் 215 மீட்டர், நேர்கோட்டில் 700 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விதி அனுமதிக்கும் தூரத்துக்குள் நன்றாகவே அடங்குகிறது.

இந்த வடிவத்தில் வரக்கூடிய பெரிய பிழை ஒன்றுதான், அதையும் நண்பரே செய்து காட்டினார். இடங்களின் எண்களை ஒரு படத்தைப் பார்க்காமல் ஊகித்தால், முதல் பேஸிலிருந்து வரிசையாக 3, 4 என்று வந்து, அடுத்து நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு 5, மூன்றாம் பேஸுக்கு 6 என்று போட்டுவிடுவோம். களத்தில் அவர்கள் நிற்கும் வரிசை அதுதான். மரபு அதற்கு மாறாக மூன்று பேஸ்காரர்களையும் எண்ணி முடித்துவிட்டு ஷார்ட்ஸ்டாப்புக்கு வருகிறது. ஊகித்தவருக்கு 543-உம் 653-உம் கிடைக்கும். முதலாவதில் 100 பங்கு, 185 மீட்டர் பிழை. இரண்டாவதில் 90 பங்கு, சுமார் 122 மீட்டர் பிழை. இரண்டும் அசல் விடையைப் போலவே நம்பும்படியாக இருக்கின்றன.

இதைப் பிடிக்க ஒரு சரிபார்ப்பு எண் தேவைப்பட்டது. ஆறு இலக்கங்களையும் கூட்டிப் பார்த்தேன்: 6, 4, 3, 5, 6, 3. கூட்டினால் 27. லார்சன் அன்று எடுத்த அவுட்டுகளும் 27. தவறான எண்களைக் கூட்டினால் 26. நான் தேடி வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது. மேசையிலிருந்து எழுந்து ஒருமுறை நடந்துவிட்டு வந்து மறுபடியும் கூட்டினேன், அதே 27 தான். புதிரின் கடைசி வரியில் 'எல்லா இலக்கங்களையும் கூட்டினால், குறைகளற்ற ஓர் ஆட்டத்தில் தேவைப்படும் அவுட்டுகள் வர வேண்டும்' என்று சேர்த்தேன்.

சரிபார்ப்பு என்பது பேஸ்பாலுக்குப் புதிதல்ல. ஸ்கோர் எழுதுபவர் ஆட்டம் முடிந்ததும் தன் கணக்கை நிரூபித்தாக வேண்டும்: ஓர் அணியின் பேட்டிங் வாய்ப்புகள், நடைகள் (பிட்ச்சரின் தவறான நான்கு பந்துகளால் கிடைக்கும் பேஸ்கள்), உடலில் பந்து பட்டுப் பெற்ற பேஸ்கள், தியாக அடிகள் (தான் அவுட்டாகி மற்றவரை முன்னேற்றும் அடிகள்), இடையூறால் கிடைத்த பேஸ்கள் ஆகியவற்றின் கூட்டல், அந்த அணி எடுத்த ரன்கள், பேஸில் நின்றுபோனவர்கள், எதிரணி எடுத்த அவுட்டுகள் ஆகியவற்றின் கூட்டலுக்குச் சமமாக இருக்க வேண்டும். பேட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒன்று ரன் எடுத்திருக்க வேண்டும், அல்லது அவுட்டாகியிருக்க வேண்டும், அல்லது பேஸில் நின்றிருக்க வேண்டும் என்ற எளிய உண்மைதான் இதன் அடிப்படை. லார்சன் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் பக்கம் இடப்புறம் 27, வலப்புறம் 0, 0, 27. ஒரு ஸ்கோர் புத்தகம் இதைவிடச் சுலபமாகச் சரிபார்க்கப்பட்டிருக்க முடியாது.

மிஞ்சிய ஓட்டை

இரண்டாம் சோதனையில் நண்பர் முக்கால் மணி நேரத்தில் விடையோடு வந்தார், விடை தவறு. அவர் பார்த்த ஒரு பழைய படத்தின் கீழே எவர்ஸின் பெயர் முதலில் இருந்ததால் 4-6-3 என்று எழுதிவிட்டார். இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டல் மாறாது. 27 சரியாகவே வந்தது. 180 பங்கு, 333 மீட்டர் பிழை, கையில் சரிபார்த்த நிம்மதி வேறு. எதுவுமே சரிபார்க்காமல் போனவரைவிட, தவறைச் சரிபார்த்து உறுதிப்படுத்திக்கொண்டவரைத் திருப்புவது கடினம்.

கூட்டலோடு இன்னொரு கணக்கையும் சேர்த்தேன். முதல் இலக்கத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, நான்காவதைக் கழித்து, இப்படி மாறி மாறிச் செய்ய வேண்டும். 6-இல் 4 போனால் 2, 3 கூட்டினால் 5, 5 கழித்தால் 0, 6 கூட்டினால் 6, 3 கழித்தால் 3. அரை இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். நண்பரின் 463-க்கு இது −1 தருகிறது. ஊகித்தவரின் 543, 653-க்கு 0. தீர்க்கரேகையில் மட்டும் 5-உம் 6-உம் இடம் மாறினால் 1. அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் எங்கே இடம் மாறினாலும் இது பிடித்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாக மாறினால் பிடிக்காது: 643-ஐத் தலைகீழாக 346 என்று எழுதினால் கூட்டலும் 27, மாறுகணக்கும் 3. ஆனால் அதற்கு சான்ஸ் முதல் பேஸிலிருந்து பந்தை எடுத்து, எவர்ஸ் வழியாக டிங்கருக்கு அனுப்பியதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவர் கண்ணில் முதலில் படுவதே அவற்றின் வரிசைதான் என்பதால் அந்த ஓட்டையை அடைக்காமல் விட்டேன்.

கடினத்தின் அளவு ஐந்துக்கு இரண்டரை என்று குறித்திருக்கிறேன். நண்பர் அது குறைவு என்கிறார்.